திருத்துவதா, பயிற்றுவிப்பதா, குறிப்பெடுப்பதா: வணிகப் பள்ளியில் உதவியாளர் பணியைத் தேர்ந்தெடுத்தல்

வணிகப் பள்ளியில் முதுகலையோ முனைவர் பட்டமோ படிப்பவர்களுக்குப் பருவம் தொடங்கும் சில வாரங்களுக்கு முன்பு துறை அலுவலகத்திலிருந்து ஒரு மின்னஞ்சல் வரும். எந்தெந்தப் பாடங்களுக்குக் கற்பித்தல் உதவியாளர்கள் தேவை, வாரத்துக்கு எத்தனை மணி நேர வேலை, விருப்ப வரிசையை எந்தத் தேதிக்குள் தெரிவிக்க வேண்டும் என்பதற்கு மேல் அதில் பெரிதாக ஒன்றும் இருக்காது. படிப்பவர் பாடத்தின் பெயரைப் பார்ப்பார், பேராசிரியரின் பெயரைப் பார்ப்பார், பிடித்ததை முதலில் எழுதி அனுப்பிவிடுவார். நானும் முதல் முறை அப்படித்தான் செய்தேன். நிதி மேலாண்மை எனக்குப் பிடித்த பாடம் என்பதற்காக அதைக் கேட்டுப் பெற்றேன். அந்தப் பருவம் முழுவதும் நிதி மேலாண்மையைப் பற்றி ஒரு மாணவரிடம்கூட வாய் திறந்து விளக்காமல், தனி அறையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன்.

கற்பித்தல் உதவியாளர் என்ற ஒரே பெயருக்குள் மூன்று வெவ்வேறு வேலைகள் இருப்பதை அதன் பிறகே உணர்ந்தேன். வீட்டுப்பாடங்களையும் தேர்வுத் தாள்களையும் திருத்துவது ஒன்று. பேராசிரியரின் விரிவுரைக்குத் துணையாக வாரந்தோறும் சிறு குழுக்களுக்குப் பயிற்சி வகுப்பு எடுப்பது இன்னொன்று. கேஸ், அதாவது ஒரு நிறுவனத்தின் சிக்கலை விவரிக்கும் ஆவணம், பற்றிய விவாதமாக நடக்கும் வகுப்பில் ஓரமாக அமர்ந்து, யார் என்ன பேசினார் என்று குறித்து வைத்து மதிப்பிடுவது மூன்றாவது. இவை எதுவும் வேண்டாம் என்பவருக்கு ஆய்வு உதவியாளர் பணி என்ற வழியும் உண்டு. நான்கையும் வெவ்வேறு பருவங்களில் செய்து பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்: வேலை நேரம் நாட்காட்டியில் எப்படிப் பரவிக் கிடக்கிறது, அந்த நேரத்தில் யார் முன்னால் நின்று பேச வேண்டியிருக்கிறது என்ற இரண்டையும் வைத்தே இந்தத் தேர்வைச் செய்ய வேண்டும். பாடத்தின் பெயருக்கு அதற்குப் பிறகுதான் இடம்.

திருத்தும் பணியிலிருந்து தொடங்கலாம், ஏனென்றால் எளிதானது என்று நம்பிப் பலரும் முதலில் அதைத்தான் கேட்கிறார்கள். 60 மாணவர்கள் உள்ள வகுப்பில் ஒரு இடைத்தேர்வுத் தாளைத் திருத்த 20 நிமிடம் ஆகிறது என்று வைத்துக்கொண்டால், மொத்தம் 20 மணி நேரம். பணி ஒப்பந்தத்தில் வாரத்துக்கு 10 மணி நேரம் என்று எழுதியிருக்கும். ஆனால் தாள்களை ஒரு வாரத்துக்குள் திருப்பித் தர வேண்டும் என்று பேராசிரியர் எதிர்பார்ப்பார், மாணவர்களும் எதிர்பார்ப்பார்கள். பருவம் முழுவதையும் கூட்டிப் பார்த்தால் ஒப்பந்தக் கணக்கு தவறாமல் இருக்கலாம். நான்கு வாரங்கள் சும்மா இருந்துவிட்டு ஐந்தாம் வாரம் இரட்டிப்பு வேலை செய்வதுதான் சிக்கல், அதிலும் அந்த ஐந்தாம் வாரத்தில்தான் நமக்கும் இடைத்தேர்வு நடக்கும். எல்லாப் பாடங்களின் தேர்வுகளும் ஒரே பத்து நாட்களுக்குள் விழுவது பல்கலைக்கழக நாட்காட்டியின் இயல்பு என்பதால், இதைத் தற்செயல் என்று சொல்ல முடியாது.

திருத்தும் பணியில் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை என்று சொன்னால் அது நியாயமாகாது. நிகர தற்போதைய மதிப்பை, அதாவது ஒரு திட்டத்தின் எதிர்கால வரவுகளை இன்றைய மதிப்புக்குக் குறைத்து, அதிலிருந்து முதலீட்டைக் கழித்தால் மிஞ்சுவதை, கணக்கிடும் ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம். இன்று 1,00,000 முதலீடு, அடுத்த மூன்று ஆண்டுகளின் முடிவில் ஆண்டுக்கு 50,000 வரவு, எதிர்காலத் தொகையை ஆண்டுதோறும் குறைக்கும் தள்ளுபடி விகிதம் 10 சதவீதம். சரியான விடை ஏறத்தாழ 24,343. ஆனால் எக்செல் மென்பொருளின் என்.பி.வி. சூத்திரம், தன்னிடம் தரப்படும் முதல் தொகையே ஓராண்டுக்குப் பிறகு வருவதாக எடுத்துக்கொள்கிறது. முதலீட்டையும் சூத்திரத்துக்குள்ளேயே போட்டுவிட்டவருக்கு எல்லாத் தொகைகளும் ஓராண்டு கூடுதலாகத் தள்ளுபடியாகி 22,130 என்று விடை வரும். 60 பேரில் 15 பேர் இதைச் செய்திருப்பார்கள். இவர்களுக்கு எத்தனை மதிப்பெண் குறைப்பது?

இதை மூன்று நாட்கள் யோசித்திருக்கிறேன். அந்தத் தவறு விடையை 1.1ஆல் வகுக்கிறது, அவ்வளவுதான். கூட்டல் குறி கழித்தல் குறியாக மாறுவதில்லை. விடை பூஜ்யத்துக்கு மேல் இருந்தால் திட்டத்தை ஏற்கலாம் என்பது விதி, எனவே ஏற்கலாமா கூடாதா என்ற முடிவு மாறவே மாறாது. மாணவர் வந்து, “முடிவு சரிதானே, மேலாளருக்குத் தேவையானது முடிவுதானே?” என்று கேட்டால், அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. அதே நேரத்தில், அளவில் வேறுபட்ட இரண்டு திட்டங்களில் ஒன்றுக்கு மட்டும் இந்தத் தவறைச் செய்திருந்தால் வரிசையே தலைகீழாகியிருக்கலாம். தவற்றின் தன்மையைப் பிரித்துப் பார்ப்பதும், அதற்கு ஒரு விலை வைப்பதும், அதே விலையை 15 பேருக்கும் மாறாமல் வைப்பதும் திருத்துபவர் கற்றுக்கொள்ளும் பாடங்கள். பாடத்தை ஏற்கெனவே நன்கு அறிந்தவருக்குக்கூட இது புதிய பார்வையைத் தரும். ஆனால் இந்தப் பார்வை முதல் இரண்டு கட்டுத் தாள்களிலேயே கிடைத்துவிடுகிறது, மீதிக் கட்டுகளில் எஞ்சுவது உழைப்பு மட்டுமே.

திருத்தும் பணியை ஏற்பவர்கள் ஒரு வழக்கத்தைத் தொடக்கத்திலேயே பழகிக்கொள்வது நல்லது: ஒருவரின் தாளை முழுவதும் திருத்திவிட்டு அடுத்தவரின் தாளுக்குச் செல்லாமல், எல்லோருடைய முதல் கேள்வியையும் முடித்த பிறகே இரண்டாம் கேள்விக்குச் செல்வது. இராணுவ அதிகாரிகள் தம் கீழ் இருந்தவர்களுக்கு அளித்த மதிப்பீடுகளை ஆராய்ந்த உளவியலாளர் எட்வர்ட் தார்ன்டைக், ஒருவரிடம் ஒரு பண்பு நன்றாக இருப்பதாகக் கருதும் அதிகாரி, தொடர்பில்லாத மற்றப் பண்புகளுக்கும் அவருக்கு உயர்ந்த மதிப்பையே தருவதை 1920இல் எடுத்துக்காட்டினார். முதல் கேள்விக்கு அழகான விடை எழுதியவரின் குழப்பமான மூன்றாம் விடையை நம் கண் தானாகவே சீராக்கிப் படித்துக்கொள்வதும் அதே கோளாறுதான். பெயர்களை மறைத்துக்கொண்டு கேள்விவாரியாகத் திருத்தினால் இது குறையும், நேரமும் மிச்சமாகும்.

வணிகப் பள்ளியில் மறுமதிப்பீட்டுக் கோரிக்கைகளுக்குத் தனி இயல்பு உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். எம்.பி.ஏ. மாணவர்களில் பலர் உதவியாளரைவிட வயதில் மூத்தவர்கள், சில ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு வந்தவர்கள், பேரம் பேசும் கலையை ஒரு பாடமாகவே படித்துக்கொண்டிருப்பவர்கள். இரண்டு மதிப்பெண்ணுக்காக அவர்கள் எழுதும் கடிதம் ஒரு சிறிய வழக்குரையைப் போல இருக்கும். அதை ஏற்கவும் மறுக்கவும் அதிகாரம் இருக்கிறதா, அல்லது பேராசிரியருக்கு அனுப்பிவைப்பது மட்டும்தான் உதவியாளரின் வேலையா என்பதைத் தொடக்கத்திலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளாதவர், இரு பக்கமும் பதில் சொல்லிக் களைத்துப்போவார். நான் திருத்திய ஒரு பாடத்தில், நான் மறுத்த கோரிக்கைகளையெல்லாம் பேராசிரியர் தனியாக ஏற்றுக்கொண்டிருந்தார் என்பது பருவம் முடிந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அதற்குள் என் பெயர் மாணவர்களிடையே கடுமையானவன் என்று நிலைத்துவிட்டது.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்த பிறகு இந்தப் பணியின் எடை இன்னும் கூடியிருக்கிறது. வீட்டில் எழுதி வரும் கட்டுரை யாருடையது என்பதைத் திருத்துபவர் உறுதியாகச் சொல்ல வழியில்லை. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே, இயந்திரம் எழுதியதைக் கண்டறியத் தான் வெளியிட்ட கருவியை, துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் திரும்பப் பெற்றுக்கொண்டது. அதனால் சில பேராசிரியர்கள் கட்டுரைக்குப் பதிலாக வாய்மொழித் தேர்வுக்கு மாறியிருக்கிறார்கள். 60 பேருக்குத் தலா 15 நிமிடம் என்றால் அது 15 மணி நேரம், ஆனால் மாணவர் எழுந்து செல்லும்போதே மதிப்பெண்ணும் முடிவாகிவிடுகிறது. திருத்தும் பணி ஒன்றை ஏற்பதானால், வீட்டுக் கட்டுரைகளை நம்பியிருக்கும் பாடத்தைவிட இப்படி நேரில் மதிப்பிடும் பாடத்தைத்தான் நான் கேட்பேன்.

பயிற்சி வகுப்பு எடுக்கும் பணியின் நேரக்கணக்கு இதற்கு நேர்மாறானது. வாரம் இரண்டு வகுப்புகள், ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம். தயாரிப்புக்கு மூன்று மணி நேரம். மாணவர்கள் வந்து கேட்பதற்கென ஒதுக்கிய சந்திப்பு நேரம் இரண்டு மணி. மின்னஞ்சல்களுக்கு ஒன்றோ இரண்டோ. எட்டு அல்லது ஒன்பது மணி நேரம் ஒவ்வொரு வாரமும் தவறாமல் போகும், ஆனால் எந்த வாரமும் அது இருபதாகாது. தம் சொந்தப் படிப்பைத் திட்டமிட்டு நடத்த விரும்புபவருக்கு இந்தச் சீர்மை பெரிய வசதி. காய்ச்சலில் படுத்தாலும் அந்த ஒரு மணி நேரம் தள்ளிப்போகாது என்பது அதன் மறுபக்கம். தாள்கள் காத்திருக்கும்; வகுப்பறையில் வந்து உட்கார்ந்துவிட்ட முப்பது பேர் காத்திருக்கமாட்டார்கள்.

ஆனால் இந்த வேலையின் உண்மையான மதிப்பு வேறு இடத்தில் இருக்கிறது. கணக்கியல் பாடத்தின் முதல் வாரத்தை நினைத்துப் பார்க்கிறேன். இத்தாலியக் கணித அறிஞர் லூகா பசியோலி 1494இல் அச்சில் விளக்கி எழுதிய இரட்டைப் பதிவு முறையை, அதாவது ஒவ்வொரு பரிமாற்றத்தையும் ஒரு கணக்கில் பற்றாகவும் இன்னொன்றில் வரவாகவும் எழுதும் முறையைத்தான் இன்றும் முதல் வாரத்தில் சொல்லித் தருகிறோம், இன்றும் அதே இடத்தில்தான் மாணவர்கள் தடுக்கி விழுகிறார்கள். தமிழில் யோசிப்பவருக்கு அந்தத் தடுக்கல் இன்னும் ஒரு படி கூடுதல். பேச்சுவழக்கில் வரவு என்றால் கைக்கு வந்த பணம். கணக்கியலில் பணம் கைக்கு வந்தால் ரொக்கக் கணக்கில் எழுத வேண்டியது பற்று. வங்கி அனுப்பும் அறிக்கையிலோ, நாம் பணம் போட்ட அன்று வரவு என்றுதான் இருக்கிறது. மூன்றும் ஒன்றோடொன்று மோதுவதாகத் தோன்றும். வங்கியின் அறிக்கை வங்கியின் கணக்குப் புத்தகத்திலிருந்து எழுதப்படுகிறது, நாம் போட்ட பணம் வங்கிக்கு ஒரு கடன், கடன் கூடினால் அது வரவுப் பக்கம் என்று நான் எனக்குள்ளேயே தெளிவாகச் சொல்லிப் பார்த்தது, பட்டம் பெற்று நான்கு ஆண்டுகள் கழித்து ஒரு கரும்பலகையின் முன்னால் நின்றபோதுதான். தேர்வுகளில் நான் அதைத் தவறாக எழுதியதே இல்லை, ஆனால் புரிந்துகொண்டதும் இல்லை.

இயந்திரம் போன்ற சொத்துகளின் விலையை ஆண்டுதோறும் சிறிது சிறிதாகச் செலவாக எழுதும் தேய்மானமும் அப்படித்தான். நிகர லாபத்தில் தொடங்கிப் பணத்தின் போக்குவரத்தைக் கணக்கிடும் மறைமுக முறையில் தயாரிக்கும் பணப்பாய்வு அறிக்கையில் நிகர லாபத்தோடு தேய்மானத்தைக் கூட்டுகிறோம். அதைப் பார்க்கும் மாணவர், தேய்மானத்திலிருந்து நிறுவனத்துக்குப் பணம் வருகிறது என்று முடிவு செய்துவிடுவார். சிலர் பணத் தட்டுப்பாடு உள்ள நிறுவனம் தேய்மானத்தைக் கூட்டிக்கொள்ளலாமே என்று ஆலோசனையும் சொல்வார்கள். பணம் வெளியே போகாமலே லாபத்திலிருந்து கழிக்கப்பட்ட ஒன்றைத் திரும்பக் கூட்டுகிறோம், புதிதாக எதுவும் வரவில்லை என்பதை மூன்று வகையாகச் சொல்லிப் பார்த்து, மூன்றாவதில் நான்கு முகங்கள் தெளிவதைக் காண்பதும், நான்காவது வகையை அன்றிரவு கண்டுபிடிப்பதும்தான் பயிற்சி வகுப்பு. பின்னாளில் கற்பிக்கப் போகிறவருக்கு மட்டுமல்ல, நிதி அதிகாரியாகி இயக்குநர் குழுவின் முன் ஓர் அறிக்கையை விளக்கப் போகிறவருக்கும் இதைவிட நல்ல பயிற்சி இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இங்கே பாடத்துக்குப் பாடம் வேறுபாடு உண்டு. கணக்கியல், நிதி, புள்ளியியல் போன்றவற்றில் விடை ஒன்று இருக்கிறது. உதவியாளருக்குத் தெரியாத கேள்வி வந்தால், அடுத்த வகுப்பில் சொல்கிறேன் என்று ஒப்புக்கொண்டு, சொன்னபடி விடையோடு வந்து நின்றால் மதிப்பு கூடுமே தவிரக் குறையாது. நிறுவன நடத்தை, தலைமைத்துவம், வணிக அறவியல் ஆகியவற்றில் பயிற்சி வகுப்பு எடுப்பது அனுபவமில்லாதவருக்குக் கடினம். பத்தாண்டுகள் ஒரு குழுவை நடத்திவிட்டு வந்த மாணவர், “நடைமுறையில் அப்படி இல்லை” என்று ஒரே வரியில் முடித்துவிடுவார், எதிரே நிற்கும் இருபத்து நான்கு வயது உதவியாளரிடம் அதற்குப் பதில் இருக்காது. முதல் முறை கற்பிப்பவர்கள் எண்கள் உள்ள பாடத்தைக் கேட்பதே நல்லது.

கேஸ் வகுப்பில் குறிப்பெடுக்கும் பணியைப் பலர் ஒரு பொருட்டாகவே கருதுவதில்லை. ஒரு நிறுவனம் ஒரு கட்டத்தில் எதிர்கொண்ட சிக்கலை விவரிக்கும் ஆவணத்தை எல்லோரும் படித்து வருவார்கள், பேராசிரியர் கேள்விகள் மட்டும் கேட்பார், வகுப்பு விவாதமாகவே நடக்கும். 1908இல் தொடங்கப்பட்ட ஹார்வர்டு வணிகப் பள்ளி இந்த முறையைத் தன் அடையாளமாகவே ஆக்கிக்கொண்டது. அங்கே பல பாடங்களில் வகுப்பில் பேசுவதற்கே பாதி வரை மதிப்பெண் உண்டு. இந்த முறையைப் பின்பற்றும் மற்றப் பள்ளிகளிலும் பங்கேற்புக்குக் கணிசமான பங்கு இருக்கும். விவாதத்தை நடத்திக்கொண்டே தொண்ணூறு பேரின் பேச்சை ஒருவர் நினைவில் வைத்திருக்க முடியாது என்பதால், குறித்து வைக்க இன்னொருவர் தேவைப்படுகிறார்.

வாரம் இரண்டு வகுப்புகள், தலா 80 நிமிடம். ஒவ்வொன்றுக்கும் முன்னால் கேஸைப் படிக்க இரண்டு மணி நேரம், பின்னால் குறிப்புகளை மதிப்பெண்ணாக மாற்ற அரை மணி நேரம். மொத்தம் எட்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு, அதுவும் சீராகவே. யாருக்கும் விளக்க வேண்டியதில்லை, கட்டுக் கட்டாகத் தாள்கள் வருவதுமில்லை. நேரத்தின் வடிவத்தை மட்டும் பார்த்தால் மூன்றிலும் இதுவே சுகமானது.

அதைவிடப் பெரிய ஆதாயம், ஒரு நல்ல ஆசிரியர் வேலை செய்வதைப் பருவம் முழுவதும் பக்கவாட்டிலிருந்து பார்க்க முடிவது. கேஸோடு ஆசிரியருக்கென்று தனியாக வரும் கற்பித்தல் குறிப்பு உதவியாளருக்கும் கிடைக்கும். எந்தக் கேள்வியில் தொடங்குவது, பலகையின் எந்த மூலையில் எதை எழுதுவது, எந்தக் கருத்து எப்போது வெளிவர வேண்டும் என்பதெல்லாம் முன்கூட்டியே திட்டமிடப்பட்டிருப்பதை அதில் பார்க்கலாம். முதல் பத்து நிமிடத்திலேயே ஒரு மாணவர் மிகச் சிறந்த விடையைச் சொல்லிவிட, பேராசிரியர் அதைப் பாராட்டாமல், பலகையிலும் எழுதாமல், சுமாராகப் பேசிய இன்னொருவரைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் ஓட்டியதை நான் பார்த்திருக்கிறேன். பாரபட்சம் என்றே முதலில் நினைத்தேன். அந்தச் சிறந்த விடையை அப்போதே ஏற்றுக்கொண்டிருந்தால் மற்ற எழுபது பேருக்கு யோசிக்க எதுவும் மிஞ்சியிருக்காது என்பது, அதே பேராசிரியர் வகுப்பின் கடைசி ஐந்து நிமிடங்களில் அந்த மாணவரின் பெயரைச் சொல்லி அழைத்து அந்த விடையை மீண்டும் சொல்லச் சொன்னபோது விளங்கியது.

நியாயமாக மதிப்பிடுவது மட்டும் கடினம். பேசியவுடனே மதிப்பெண் போட்டால், பெயர் தெரிந்தவர்களும் உரத்த குரலில் பேசுபவர்களும் நம்மையறியாமலே கூடுதலாகப் பெறுவார்கள். வகுப்பில் சொற்களை மட்டும் குறித்துக்கொண்டு, குரல் காதிலிருந்து மறைந்த பிறகு மாலையில் மதிப்பெண் போடுவது ஓரளவு உதவும். இந்தப் பணியின் குறை, அது எவர் கண்ணிலும் படாமல் போவது. பருவ முடிவில் மாணவர் கருத்துப் படிவத்தில் உங்கள் பெயரே இருக்காது. கற்பித்தவர் என்பதற்குச் சான்றாக எதையும் காட்ட முடியாது.

இதே வகையில் இன்னொரு பணியும் உண்டு: ஒரு தொழிலின் நிலைமையை வகுப்பறையில் நடித்துப் பார்க்கும் உருவக விளையாட்டுகளை நடத்தித் தருவது. 1960ஐ ஒட்டி அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் உருவான பீர் விளையாட்டு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. சில்லறை விற்பனையாளர், மொத்த விற்பனையாளர், விநியோகஸ்தர், தொழிற்சாலை என்று நால்வர் வரிசையாக அமர்ந்து ஒருவருக்கொருவர் சரக்கு கேட்பார்கள். வாடிக்கையாளர் தேவை வாரத்துக்கு 4 பெட்டியாக இருந்து, ஒரே முறை 8ஆக உயர்ந்து, பிறகு அப்படியே நிற்கும். அவ்வளவு சிறிய மாற்றத்துக்கே தொழிற்சாலையில் இருப்பவர் தேவை எகிறிக் குதிப்பதாகவும் பிறகு அடியோடு சரிவதாகவும் காண்பார், வாடிக்கையாளர்களைத் திட்டுவார். சீட்டுகளை நகர்த்தியபடி இதை ஐந்து மேசைகளில் ஒரே நேரத்தில் பார்க்கும் வாய்ப்பு உதவியாளருக்கு மட்டுமே உண்டு. ஆனால் இது பருவத்தில் ஓரிரு நாள் வேலை என்பதால் தனித் தேர்வாகக் கணக்கில் கொள்ள முடியாது. மூத்த உதவியாளராகி மற்ற உதவியாளர்களை ஒருங்கிணைக்கும் பணியும் கிடைக்கும். அது பெரும்பாலும் மின்னஞ்சல், அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

ஆய்வு உதவியாளர் பணியை இவற்றோடு ஒப்பிடும்போது, முதல் வேறுபாடு முடிவு நாளில் இருக்கிறது. கற்பித்தல் பணி, மதிப்பெண் பட்டியலை ஒப்படைக்கும் நாளில் முடிந்துவிடும். ஆய்வுக்கு அப்படி ஒரு நாள் கிடையாது. வணிகத் துறையின் ஆய்வு என்பது பெரும்பகுதி தரவு வேலை: நிறுவனங்களின் கணக்கு விவரங்கள் உள்ள கம்ப்யூஸ்டாட்டையும், பங்கு விலை விவரங்கள் உள்ள சிகாகோ பல்கலைக்கழகத்தில் தோன்றிய சி.ஆர்.எஸ்.பி.யையும் இணைத்து, பெயர் மாறிய நிறுவனம் எது, இணைந்துபோன நிறுவனம் எது என்று பிரித்துக்கொண்டிருப்பது. நள்ளிரவிலும் செய்யலாம், ஞாயிற்றுக்கிழமையும் செய்யலாம், அதனாலேயே அது நள்ளிரவுக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும் பரவிவிடுகிறது. பலனும் சீரற்றது. ஒரு கட்டுரையில் இணை ஆசிரியராகப் பெயர் வரலாம். முதல் பக்க அடிக்குறிப்பில் நன்றி என்ற ஒரு சொல்லோடு முடிந்தும் போகலாம்.

ஆனாலும் முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பிக்க நினைக்கும் முதுகலை மாணவருக்கு ஆய்வுப் பணியே மேல் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. சேர்க்கைக் குழுவினர் பரிந்துரைக் கடிதத்தில் தேடுவது, இவரால் விடை தெரியாத ஒரு கேள்வியோடு ஓராண்டு இருக்க முடியுமா என்பதைத்தான். நேரம் தவறாதவர், மாணவர்களிடம் பொறுமையானவர் என்று கற்பித்தல் பணிக்கு எழுதப்படும் கடிதம் உண்மையாகவே இருந்தாலும் அந்தக் கேள்விக்குப் பதிலாகாது. ஏற்கெனவே முனைவர் பட்டத்தில் இருப்பவருக்கு நிலைமை வேறு. அவர் எப்படியும் ஆய்வு செய்துகொண்டுதான் இருக்கிறார், ஆசிரியர் வேலைக்கான நேர்காணலில் கற்பித்த அனுபவம் பற்றிக் கேட்கும்போது காட்ட ஏதாவது வேண்டும். அவருக்குப் பயிற்சி வகுப்பு ஒரு முறையும், கேஸ் வகுப்பு ஒரு முறையும், அதே வரிசையில், போதுமானவை.

எம்.பி.ஏ. மாணவருக்கு நான் தயங்கித்தான் பரிந்துரைப்பேன். நிறுவனங்கள் வேலைக்கு ஆள் எடுக்க வரும் காலம் அவருக்கு மிக முக்கியம், அந்தக் காலம் எந்த உதவியாளர் பணியோடும் ஒத்துப்போவதில்லை. இரண்டாம் ஆண்டில், வேலை உறுதியான பிறகு, தாம் முந்தைய ஆண்டு படித்த அடிப்படைப் பாடத்துக்குப் பயிற்சி வகுப்பு எடுப்பதென்றால் அது வேறு விஷயம். அப்போதும் சக மாணவர்களின் தாள்களைத் திருத்தும் நிலை வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அறை நண்பரின் மதிப்பெண்ணை அறிந்துகொண்டு அறியாதவர்போல் சாப்பாட்டு மேசையில் உட்கார்வது, செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். அப்படி யாராவது வகுப்பில் இருந்தால் முதல் வாரத்திலேயே பேராசிரியரிடம் சொல்லி, அந்தத் தாளை வேறொருவரிடம் கொடுக்கச் செய்வதே முறை.

பணத்தைப் பற்றியும், அதைவிட முக்கியமாகப் பணியின் சட்ட நிலையைப் பற்றியும் கேட்டறிவது அவசியம். சில இடங்களில் உதவியாளர் பணி கல்விக் கட்டண விலக்கோடும் உதவித்தொகையோடும் பிணைந்தது, அதை மறுக்கும் உரிமை மாணவருக்கு இல்லை. வேறு இடங்களில் அது மணிக்கணக்கில் ஊதியம் பெறும் வேலை. இரண்டாவது வகையில் கூடுதல் நேரத்தைப் பதிவு செய்யலாம், முதல் வகையில் அது காற்றோடு போய்விடும். அமெரிக்காவில் தனியார் பல்கலைக்கழகங்களின் மாணவ உதவியாளர்கள் தொழிலாளர்களே என்று தேசியத் தொழிலாளர் உறவு வாரியம் கொலம்பியா பல்கலைக்கழக வழக்கில் 2016இல் தீர்ப்பளித்தது; இவர்கள் மாணவர்களா ஊழியர்களா என்பது எவ்வளவு காலம் இழுபறியில் இருந்தது என்பதற்கு அதுவே சாட்சி. அந்த நாட்டில் எஃப்-1 என்ற மாணவர் விசாவில் படிக்கும் வெளிநாட்டவர்கள் பருவ காலத்தில் வளாகத்துக்குள் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது என்ற வரம்பும் உண்டு. இரண்டு பேராசிரியர்களிடம் தலா 12 மணி நேரம் என்று ஒப்புக்கொண்டால் வரம்பு மீறிவிடும், அதை இரு பேராசிரியர்களில் எவரும் கவனிக்கப் போவதில்லை. கணக்கு வைத்திருக்க வேண்டியவர் மாணவரே.

விருப்ப வரிசையை அனுப்புவதற்கு முன்பு, முந்தைய பருவத்தில் அதே பாடத்தில் உதவியாளராக இருந்தவரைத் தேடிப் பிடித்து அரை மணி நேரம் பேசுவது, பாடத்திட்டத்தை நான்கு முறை படிப்பதைவிடப் பயனுள்ளது. மொத்தம் எத்தனை மணி நேரம் ஆனது என்று கேட்டால் எல்லோரும் ஒப்பந்தத்தில் உள்ள எண்ணைத்தான் சொல்வார்கள். மிக மோசமான வாரம் எது, அந்த வாரம் என்ன நடந்தது என்று கேட்க வேண்டும். பேராசிரியர் விடைக்குறிப்பைத் தாமே தயாரித்துத் தந்தாரா, அல்லது தேர்வு முடிந்த இரவு உதவியாளரே தயாரித்தாரா என்பதும், மறுமதிப்பீட்டில் இறுதிச் சொல் யாருடையது என்பதும் அந்தப் பேச்சிலேயே வெளிவந்துவிடும்.

என் கடைசிப் பருவத்தில் இரண்டு வாய்ப்புகள் வந்தன. என் ஆய்வுத் துறையான நிதியில், மதிப்பிற்குரிய ஒரு பேராசிரியரின் பாடத்துக்குத் திருத்துபவராகச் செல்வது ஒன்று; முதலாண்டு கணக்கியலுக்கு மறுபடியும் பயிற்சி வகுப்பு எடுப்பது மற்றொன்று. நிதிப் பாடத்தின் இடைத்தேர்வு, என் முனைவர் பட்டத் தகுதித் தேர்வுக்கு முந்தைய வியாழக்கிழமை விழுந்தது. தேர்வைத் தள்ளச் சொல்ல முடியாது, எனவே வீட்டுப்பாடங்களை மட்டும் நான் திருத்திக்கொண்டு, இடைத்தேர்வுத் தாள்களை இன்னொருவர் திருத்தலாமா என்று அந்தப் பேராசிரியருக்கு எழுதிக் கேட்டேன். பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரே சொல்லில் பதில் வந்தது. அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று அதற்குள் எனக்குத் தெரிந்திருந்ததால், அன்று மாலையே கணக்கியலை முதலிடத்தில் எழுதி அனுப்பினேன்.